பக்கம் 112, ஏழாம் வரி

ஆடி நோம்பிக்குள் முடித்துத் தரச் சொன்னார் அர்த்தநாரி.
பதினெட்டு நாள் போர்,
தொள்ளாயிரத்து நாற்பது பக்கம்,
மூன்றாம் பாகம்.
மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்.
அவர் நாவலில் சாமி வராது,
வரம் பலிக்காது.
ஓர் அம்புக்கு என்ன செலவு பிடிக்குமென்று
தனியாக ஓர் அத்தியாயமே உண்டு.

எனக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கருங்கல்பாளையத்தில் மாடி வீடு,
கீழே ஜவுளிக் கிடங்கு.
திங்கள் ராத்திரி முழுக்கச் சந்தைக்குப் போகும் பேல்கள்
உருண்டுகொண்டே இருக்கும்.
அந்தச் சத்தத்தின் மேல் உட்கார்ந்து
குருவம்சத்துக்கு ஒற்றுப் போட்டேன்,
சிவப்பு மையில்.

ப. 57: தருமம், தர்மம், ரெண்டு விதமா வருதுங்க.
ஏதாச்சும் ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லுங்க.

ப. 131: கூந்தலை முடிய மாட்டேனென்று சபதம்.
ப. 402: அதே கூந்தலில் மல்லிகைச் சரம்.
முடியாத தலையில் பூ எப்படிங்க நிற்கும்?

ப. 530: இந்த வெள்ளைக் குதிரை
518லேயே செத்துப்போச்சுங்க.

பொழுதோட போன் வரும்.
பூவை எடுத்துவிடச் சொன்னார்.
குதிரைக்கு ரொம்ப நேரம் வெசனப்பட்டார்.
தருமத்துக்கு மட்டும்
"அது அப்படியே இருக்கட்டும் அம்மிணி" என்றார்.

112ஐப் பற்றி நான் எழுதவில்லை.

சபை. இழுக்கிறான்.
அவர் கதையில் வானத்திலிருந்து எதுவும் நீளாது.
உப்பரிகையில் மரச்சல்லடைக்குப் பின்னால் பெண்கள்.
யாரோ விளக்கை ஊதி அணைக்கிறாள்.
இருட்டில் மேலிருந்து ஒரு சேலை விழுகிறது,
அவளை மூடிக்கொண்டு.
பிறகு இன்னொன்று. பிறகு
எண்ண முடியாமல்.
இழுத்தவன் கை சலித்து உட்கார்கிறான்.

பேனாவை மூடி வைத்துவிட்டு
இரண்டு முறை படித்தேன்.
மனுஷன் எழுதிவிட்டார்.

ஏழாம் வரி மட்டும்:
'பட்டுச் சேலைகள் மலைபோல் குவிந்தன.'

கீழ்க் கிடங்கில் நாலு வருஷம் துணி மடித்தவள் நான்.
பட்டு குவியாது, சரியும்.
ஒன்றன்மேல் ஒன்று போட்டால்
எண்ணெய் மாதிரி ஓடிவிடும்.
குவிவது நூல்தான்,
கஞ்சி முறுக்கு விடாத முரட்டு நூல்.

அதோடு
ராணிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் அங்கே?
பத்து? பன்னிரண்டு?
மீதிப் பேர் வெற்றிலை மடித்தவள்,
விசிறி பிடித்தவள்,
எவளுடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்து
உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்தவள்.
ராணிக்கு உள்ளே பெட்டி இருக்கிறது.
இருந்த ஒன்றையும் எறிந்தவள்
அந்த ராத்திரி
எதை உடுத்தி வீடு போனாள்?

'பட்டுச்' என்பதை அடித்தேன்.
அதன் ஒற்றும் சேர்ந்து போயிற்று.
'நூல்' என்று எழுதினேன்.
ஓரத்தில் கேள்விக்குறி போடவில்லை.
என் தொழிலில் இதற்குப் பெயர் திருட்டு.

அச்சு வாசனை போகாமலே திருவிழாவுக்கு வந்துவிட்டது புத்தகம்.
அர்த்தநாரி மேடையில்,
புது வேட்டி கரை தெரியக் கட்டியிருந்தார்.
ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள்.
தொள்ளாயிரத்து நாற்பதில்
அவர் பிரித்தது அந்தப் பக்கம்.

கடைசி வரிசைக்குப் பின்னால் நான்,
கையில் மிளகாய் பஜ்ஜி.

விளக்கு அணைந்தது. சேலை விழுந்தது.
ஏழாம் வரியில் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்தார்.
பேரேட்டில் ஒரு ரூபாய் இடிக்கும்போது
இப்படித்தான் நின்றிருப்பார் போல.
மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது,
அப்புறம் எங்கோ ஒரு குழந்தை இருமியது.

வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய்
மறுபடி படித்தார்,
இந்த முறை மெதுவாக.
பிறகு எட்டாம் வரி.

இறங்கும்போது கூட்டத்தில் யாரையோ தேடினார்.
நான் சமையல் புத்தகக் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

ஆவணியில் நான்காம் பாகம் வந்தது,
முதல் கட்டு நூறு பக்கம்.
ரேட்டு ஏற்றியிருந்தார், பதினைந்து.
காரணம் எழுதவில்லை.

முதல் பக்கம், இரண்டாம் வரி:
ஆற்றங்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது
அந்த வெள்ளைக் குதிரை.